மேற்கோள் எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்: தென்னிந்தியக் கோட்டுருவியல் ஆய்வாளர் இருவரின் பணி

"உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்" என்ற பட்டியல் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நமது பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சிலரின் பெயர்கள் செய்திகளில் இடம்பெறுகின்றன. ஊர்ச் சங்கங்கள் வாழ்த்துத் தெரிவிக்கின்றன, பழைய மாணவர்கள் படங்களைப் பகிர்கின்றனர். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் பட்டியல் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்ற விளக்கம் அச்செய்திகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. போருக்குப் பின் கல்வி ஒன்றையே மூலதனமாகக் கொண்டு எழ முயலும் சமூகத்துக்கு இந்த விளக்கம் தேவை. எந்தத் துறையைப் படிப்பது, யாரை வழிகாட்டியாகக் கொள்வது என்ற முடிவுகள் இப்படிப்பட்ட எண்களைப் பார்த்தும் எடுக்கப்படுகின்றன.

இதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு கோட்டுருவியல் என்ற கணிதத் துறை. தென்னிந்தியாவில் இத்துறையில் உழைத்த இருவரின் ஆய்வுகள் இரண்டு வேறுபட்ட விதிகளைச் சந்தித்தன. ஒருவர் கர்நாடகத்தின் தார்வாட்டிலும் பின்னர் மைசூரிலும் பணியாற்றிய ஈ. சம்பத்குமார். மற்றவர் திருநெல்வேலியிலும் பின்னர் விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோவிலிலும் பணியாற்றிய எஸ். ஆறுமுகம்.

கோட்டுரு என்றால் என்ன?

பாடசாலையில் எக்ஸ், வை அச்சுகளில் நாம் வரையும் வரைபு வேறு, கோட்டுரு வேறு. கோட்டுருவில் சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் சில கோடுகளும் மட்டுமே உள்ளன. புள்ளிகளை முனைகள் என்றும் கோடுகளை விளிம்புகள் என்றும் சொல்வார்கள். ஊர்களையும் வீதிகளையும், மின் நிலையங்களையும் கம்பிகளையும், மனிதர்களையும் அவர்களது உறவுகளையும் இவ்வாறு வரையலாம். 1736இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்கள் பற்றிய புதிருக்கு விடை கண்டபோது இத்துறை பிறந்தது.

புத்தளக் கரையோரத்தையே எடுத்துக்கொள்வோம். வண்ணாத்திவில்லு, புத்தளம், பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டி, மதுரங்குளி, முந்தல், சிலாபம் ஆகிய எட்டு இடங்களை முனைகளாக வைப்போம். சிறு வீதிகளை விட்டுவிட்டு முதன்மைப் பாதைகளை மட்டும் விளிம்புகளாக எடுத்தால் ஏழு விளிம்புகள் கிடைக்கும்: வண்ணாத்திவில்லு–புத்தளம், புத்தளம்–பாலாவி, பாலாவி–நுரைச்சோலை, நுரைச்சோலை–கற்பிட்டி, பாலாவி–மதுரங்குளி, மதுரங்குளி–முந்தல், முந்தல்–சிலாபம். எளிமைப்படுத்திய படம் இது. ஆனால் பேச வேண்டியதைப் பேச இது போதும்.

இந்தப் படத்தில் எந்த விளிம்பை நீக்கினாலும் எட்டு இடங்களும் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்துவிடும். பாலாவி–நுரைச்சோலை வீதி அடைபட்டால் கற்பிட்டித் தீபகற்பம் தனித்துவிடும். அவ்வாறான விளிம்புக்குக் கோட்டுருவியலில் 'பாலம்' அல்லது 'வெட்டு விளிம்பு' என்று பெயர். களப்பைக் கடந்து புத்தளத்திலிருந்து நேரே கற்பிட்டிக்குப் படகுச் சேவை ஒன்றைச் சேர்த்தால் புத்தளம், பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டி ஆகியவை ஒரு வளையமாகும். அந்த வளையத்திலுள்ள எந்த ஒரு பாதை மூடப்பட்டாலும் ஒருவரும் துண்டிக்கப்பட மாட்டார்.

வெட்டு விளிம்பு என்றால் என்ன என்பதை நமது வாசகர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தரைவழி இல்லாமல் போனது. ஓர் அரிசி மூட்டையும் ஒரு கடிதமும் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருந்தன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது அந்தக் கோட்டுருவில் இரண்டாவது விளிம்பு ஒன்று சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களுக்கும் இது தெரியும். கலா ஓயா பெருகி எழுவன்குளம் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கினால், வில்பத்து வழியாக மன்னார் போகும் பழைய பாதை பயனற்றுப் போகும். அப்போது அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றித்தான் போக வேண்டும்.

மூன்று போதுமா, ஐந்து வேண்டுமா?

அதே எட்டு இடங்களில் சில இடங்களில் மட்டும் அம்புலன்ஸ் நிறுத்த முடியும் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வோர் இடத்திலும் அம்புலன்ஸ் இருக்க வேண்டும், அல்லது ஒரே விளிம்புத் தூரத்திலுள்ள பக்கத்து இடத்திலாவது இருக்க வேண்டும். குறைந்தது எத்தனை அம்புலன்ஸ் தேவை?

விடை மூன்று. புத்தளம், நுரைச்சோலை, முந்தல் ஆகிய மூன்றில் நிறுத்தினால் எட்டு இடங்களுக்கும் எட்டும். இரண்டால் முடியாது, ஏனெனில் வண்ணாத்திவில்லு, கற்பிட்டி, சிலாபம் என்ற மூன்று கடைக்கோடிகளும் தத்தமக்கு ஒன்றைக் கேட்கும். இப்படித் தேர்ந்த முனைகளின் கூட்டத்தை ஆதிக்கத் தொடை என்கிறார்கள். நமது பாடநூல்களில் வரும் அதே 'தொடை'தான்.

இந்தக் கேள்வி சதுரங்கப் பலகையில் தொடங்கியது. எல்லாக் கட்டங்களையும் தாக்கும் நிலையில் வைக்க எத்தனை ராணிகள் தேவை என்று 1862இல் டி ஜெனிஷ் என்பவர் ஆராய்ந்தார். விடை ஐந்து. 1958இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பேர்ஜ் இதைக் கோட்டுருவின் மொழிக்குக் கொண்டுவந்தார். 1962இல் நோர்வேயில் பிறந்த ஓர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். எனினும் 1977இல் கொக்கெய்னும் ஹெடட்னீமியும் எழுதிய தொகுப்புக் கட்டுரை வரும்வரை இத்துறை மெதுவாகவே நடந்தது. 1998இல் ஹெய்ன்ஸ், ஹெடட்னீமி, ஸ்லேட்டர் மூவரும் இத்துறைக்கான அடிப்படை நூலை வெளியிட்டபோது, அதில் பட்டியலிட 1,200க்கு மேற்பட்ட ஆய்வுகள் இருந்தன.

சென்னை ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை

அந்த எழுச்சியின் தொடக்கத்திலேயே சம்பத்குமாரும் எச். பி. வாலிகரும் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். தேர்ந்த முனைகள் தமக்குள்ளும் தொடர்பில் இருக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்?

நமது எடுத்துக்காட்டில், புத்தளத்தில் நிற்கும் அம்புலன்ஸ் குழு நுரைச்சோலைக் குழுவுக்கும் முந்தல் குழுவுக்கும் செய்தி அனுப்ப வேண்டும், தேர்ந்த இடங்கள் வழியாக மட்டுமே செய்தி போகலாம் என்று வைத்தால் மூன்று போதாது. இடையிலுள்ள பாலாவியும் மதுரங்குளியும் சேர வேண்டும். ஆக ஐந்து. மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பொதுவாக ஆராய்ந்ததுதான் "ஒரு கோட்டுருவின் இணைந்த ஆதிக்க எண்" என்ற பொருளில் தலைப்பிட்ட அவர்களது கட்டுரை. 1979இல் சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வெளிவந்த கணித, பௌதிக அறிவியல் ஆய்விதழில் அது அச்சானது. ஏழே பக்கங்கள்.

அக்காலத்தில் இணையம் இல்லை. அந்த இதழ் உலகின் பெரிய கணித இதழ்களில் ஒன்றும் அல்ல. நூலகத்துக்கு அந்த இதழ் வந்தால் ஒருவர் படிக்கலாம். வராவிட்டால் கட்டுரையாளருக்குக் கடிதம் எழுதிப் பிரதி பெற வேண்டும். வெளியாகி ஐந்தாண்டுகளுக்குள் அதன் மேற்கோள்களை எண்ணி மதிப்பிட்டிருந்தால், ஒரு சிறு வட்டத்துக்குள் நின்றுவிட்ட கட்டுரை என்று யாரும் முடிவு கட்டியிருப்பார்கள்.

1990களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. கோபுரமோ நிலையான கம்பியோ இல்லாத இடத்தில் கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கைமாற்றும் வலையமைப்புகளைக் கணினியியலாளர்கள் வடிவமைக்கத் தொடங்கினர். எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் கத்தினால் குழப்பம் ஏற்படும், மின்கலமும் தீரும். ஆகவே சில கருவிகளை மட்டும் முதுகெலும்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற ஒவ்வொரு கருவியும் அந்த முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதுகெலும்பு இடையில் அறாமல் தொடர்ந்திருக்கவும் வேண்டும். இது இணைந்த ஆதிக்கத் தொடையேதான். 1997இல் தாஸ், பார்கவன் என்ற இருவர் இதை வழிச்செலுத்தலுக்குப் பயன்படுத்தினர். 1998இல் குஹாவும் குல்லரும் மிகச் சிறிய தொடையை அண்ணளவாகக் காணும் வழிமுறைகளை வெளியிட்டனர். கம்பியில்லா உணரி வலையமைப்புகள் பற்றிய ஆய்வுகள் பெருகப் பெருக, தார்வாட் கட்டுரையின் கருத்து கணிதத் துறைக்கு வெளியே பல நாடுகளுக்குப் பரவியது.

வன்னியிலும் குடாநாட்டிலும் ஆண்டுக்கணக்கில் தொலைபேசி இன்றி வாழ்ந்தவர்களுக்கு, கோபுரம் இல்லாமலே செய்தி போகும் வலையமைப்பு என்பதன் பெறுமதி எளிதில் விளங்கும்.

சம்பத்குமாரின் பணி இந்த ஒரு கட்டுரையோடு நிற்கவில்லை. 1987இல் பி. டி. ஆச்சார்யாவுடன் சேர்ந்து கோட்டுருவைப் பாதைகளால் மூடும் புதியதொரு முறையை அறிமுகப்படுத்தினார். 1989இல் ஒரே தொடை ஒரு கோட்டுருவையும் அதன் நிரப்பியையும் ஆளும் நிலையை ஆராய்ந்தார். 1996இல் புஷ்பலதாவுடன் சேர்ந்து வலிய ஆதிக்கம், மெலிய ஆதிக்கம் என்ற கருத்துகளை முன்வைத்தார். புதிய கேள்விகளை உண்டாக்கித் தருவதே அவரது பலம்.

கிருஷ்ணன்கோவிலில் ஒரு மையம்

எஸ். ஆறுமுகத்தின் பெயர் தமிழ்நாட்டுக் கணித மாணவர்களுக்கு முதலில் அறிமுகமாவது பாடநூல் அட்டையில்தான். ஏ. தங்கபாண்டி ஐசக்குடன் சேர்ந்து அவர் எழுதிய பட்டப்படிப்பு நூல்கள் அங்கே பல கல்லூரிகளில் பயன்படுகின்றன. ஒரு பாடநூலைப் படித்துத் தேறிய ஆயிரக்கணக்கானோர் எந்த மேற்கோள் கணக்கிலும் வருவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பின்னர் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் நிறுவனத்தில் தனிநிலைக் கணிதத்துக்கான தேசிய உயராய்வு மையத்தை வழிநடத்தினார். அங்கிருந்து 2004இல் கோட்டுருவியலுக்கும் சேர்மானவியலுக்குமான சர்வதேச ஆய்விதழ் ஒன்று தொடங்கப்பட்டது. அது பிற்காலத்தில் உலகின் பெரிய பதிப்பகங்கள் வழியே வெளிவரும் நிலையை எட்டியது. மன்னார் வளைகுடாவின் இக்கரையில் கற்பிட்டி இருக்க, அக்கரையின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து இது நடந்தது.

ஆய்வில் அவர் சம்பத்குமார்–ஆச்சார்யா கருத்தை முன்னெடுத்தார். அதை பஸ் சேவையாக விளக்கலாம். ஒவ்வொரு வீதித் துண்டும் ஒரே ஒரு பஸ்ஸுக்கு உரியது. எந்த ஊரும் ஒன்றுக்கு மேற்பட்ட பஸ்களுக்கு நடுத்தரிப்பாக இருக்கக் கூடாது. தொடக்கமாகவோ முடிவாகவோ இருக்கலாம். குறைந்தது எத்தனை பஸ் வேண்டும்? நமது எட்டு இடங்களுக்கு இரண்டு போதும். ஒன்று வண்ணாத்திவில்லிலிருந்து புத்தளம், பாலாவி, நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி செல்லும். மற்றது பாலாவியில் தொடங்கி மதுரங்குளி, முந்தல் வழியாகச் சிலாபம் செல்லும். பாலாவி முதல் பஸ்ஸுக்கு மட்டுமே நடுத்தரிப்பு. வளையப் பாதைகளை அனுமதிக்காத இவ்வகை மூடல் பற்றி ஆறுமுகமும் சுரேஷ் சுசீலாவும் 1998இல் வெளியிட்ட கட்டுரை சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் வந்தது.

2017: வேகமாகப் பரவிய கருத்து

ஆறுமுகத்தின் பிற்காலப் பணிகளில் பரவலாக எடுத்தாளப்பட்ட ஒன்று 2017இல் வந்தது. கே. பிரேமலதாவும் ஸ்லோவாக்கியாவின் கொசிட்சே நகரைச் சேர்ந்த மார்ட்டின் பாச்சா, அந்திரேயா செமனிச்சோவா–ஃபெனோவ்சிகோவா ஆகியோரும் இணை ஆசிரியர்கள்.

கேள்வியைப் பத்தாம் வகுப்பு மாணவரும் புரிந்துகொள்வார். கோட்டுருவின் விளிம்புகளுக்கு 1, 2, 3 என்று வெவ்வேறு எண்களை இடுங்கள். ஒவ்வொரு முனையிலும் வந்து சேரும் விளிம்புகளின் எண்களைக் கூட்டுங்கள். அடுத்தடுத்த இரு முனைகளின் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்கக் கூடாது. எப்போதும் அவ்வாறு எண்ணிட முடியுமா?

பாலாவி–நுரைச்சோலை விளிம்புக்கு 1, நுரைச்சோலை–கற்பிட்டி விளிம்புக்கு 2 என்று இடுவோம். பாலாவியில் 1, நுரைச்சோலையில் 3, கற்பிட்டியில் 2. நிபந்தனை நிறைவேறிவிட்டது. இரண்டே முனைகளும் ஒரே விளிம்பும் இருந்தால் மட்டும் முடியாது. இருபுறமும் 1தான் வரும். இந்த ஒரு விதிவிலக்கைத் தவிர, இணைந்த கோட்டுருக்கள் எல்லாவற்றிலும் முடியும் என்பதே அவர்களது ஊகம். இதற்கு வேர் 1990இல் ஹார்ட்ஸ்ஃபீல்டும் ரிங்கெலும் முன்வைத்த கடினமான ஊகம். அது எல்லா முனைகளின் தொகைகளும் வேறுபட வேண்டும் என்கிறது. இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலரும் தனியாக இதே கருத்தை வந்தடைந்தனர்.

2018இல் ஜோன் ஹாசில்கிரேவ் என்ற கணிதவியலாளர் நிகழ்தகவு முறையைக் கையாண்டு அந்த ஊகத்தை நிறுவிவிட்டார். மலேசியா, ஹொங்கொங், இந்தோனேசியா எனப் பல நாட்டு ஆய்வாளர்கள் இக்கருத்தைத் தொடர்ந்து எழுதினர். 1979 கட்டுரை ஏறத்தாழ இருபதாண்டு காத்திருந்து பெற்ற கவனத்தை 2017 கட்டுரை ஓரிரு ஆண்டுகளில் பெற்றது.

இதனால் இரண்டாவது கட்டுரை மேலானது என்று சொல்லலாமா? முடியாது. வேகத்துக்கு வேறு காரணங்கள் உண்டு. இணையத்தில் கட்டுரை அன்றே கிடைக்கிறது. கேள்வி எளிதாகக் கிளைவிடக்கூடியது. மரக் கோட்டுருவுக்கு ஒரு கட்டுரை, சக்கரக் கோட்டுருவுக்கு ஒரு கட்டுரை என்று எழுதலாம். அவை ஒவ்வொன்றும் மூலக் கட்டுரையைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆழமான நிறுவல் ஒன்றும் வழக்கமான நீட்சி ஒன்றும் மேற்கோள் கணக்கில் ஒரே ஓர் எண்ணாகவே பதிவாகும்.

எண்ணிக்கை எப்படி வந்தது?

எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டுகிறது என்ற பெரும் பதிவேட்டை 1964இல் அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்ட் வெளியிடத் தொடங்கினார். கட்டுரைகளை முனைகளாகவும் மேற்கோள்களை அம்புக்குறிகளாகவும் கொண்டால் இதுவே ஒரு கோட்டுரு என்பதை 1965இல் டெரெக் டி சொல்லா பிரைஸ் காட்டினார். ஏற்கெனவே புகழ்பெற்ற கட்டுரைக்கே மேலும் மேற்கோள் சேரும் போக்கையும் அவர் பின்னர் விளக்கினார். 1998இல் கூகுள் நிறுவனர்கள் இணையப் பக்கங்களைத் தரப்படுத்திய முறையும் இந்த மேற்கோள் சிந்தனையின் வழிவந்ததே.

2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார். ஒருவரின் பத்துக் கட்டுரைகள் தலா பத்து மேற்கோளையாவது பெற்றிருந்து, பதினொன்று தலா பதினொன்றைப் பெறாவிட்டால், அவரது எண் 10. சொல்ல எளிது; அதனாலேயே பதவி உயர்விலும் விளம்பரத்திலும் புகுந்துவிட்டது.

செய்திகளில் வரும் '2 சதவீதப் பட்டியல்' ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஐயோனிடிஸ் தலைமையில் 2019இல் முதலில் வெளியானது. ஒருவரை அவரது உபதுறைக்குள்ளேயே ஒப்பிடுவதும், தம்மைத் தாமே மேற்கோள் காட்டியதை நீக்கியும் கணக்கிட்டுக் காட்டுவதும் அதன் நல்ல அம்சங்கள். ஆனால் குறிப்பிட்ட தரவுத்தளத்தில் பதிவான இதழ்களையே அது எண்ணுகிறது. பாடநூல், ஆசிரியப் பணி, இதழ் நடத்தியது, தாய்மொழியில் எழுதியது எதுவும் அதில் இல்லை.

கணிதத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். மருத்துவக் கட்டுரையோடு ஒப்பிட்டால் கணிதக் கட்டுரை குறைவாகவே மேற்கோள் காட்டும், மெதுவாகவே மேற்கோள் பெறும். எண்கள் சிறியவை என்பதால் ஒரு சிறு குழு தமக்குள் மாறிமாறி மேற்கோள் காட்டினாலே ஒருவர் மேலே ஏறிவிடலாம். இதைக் கருதியே, அதிகம் மேற்கோள் பெற்றோர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் 2023இல் கணிதப் பிரிவை அதிலிருந்து நீக்கியது. கணிதத்தில் இந்த எண் தனித்து நம்பத் தக்கதல்ல என்பதை எண்ணுகிறவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

காத்திருப்பின் எல்லைக்கு இராமானுஜன் சான்று. 1916இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்த ஊகம் ஒன்றை 1974இல் தெலீன் நிறுவினார். அதைப் பயன்படுத்தி 1988இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னக் ஆகியோர் குறைந்த விளிம்புகளிலேயே மிக உறுதியாக இணைந்திருக்கும் கோட்டுருக்களைக் கட்டமைத்து, அவற்றுக்கு 'இராமானுஜன் கோட்டுருக்கள்' என்று பெயரிட்டனர். இராமானுஜன் மறைந்து அப்போது 68 ஆண்டுகள் கடந்திருந்தன. கோட்டுருவியலில் அவர் ஆய்வு செய்தவரும் அல்லர்.

நமக்கு இதில் என்ன?

2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருளில் மூழ்கியது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே தொடக்கம் என்று அதிகாரிகள் கூறினர். நுரைச்சோலையின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் செயலிழந்தன. அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு நீடித்தது. ஒரு முனையில் நேர்ந்த கோளாறு எப்படி முழு வலையமைப்பையும் சாய்க்கிறது என்பது கோட்டுருவியல் கேள்வி. மின்வலையமைப்பு முழுவதையும் கண்காணிக்க அளவுமானிகளை எங்கெங்கே, குறைந்தது எத்தனை வைக்க வேண்டும் என்று கேட்டு, 2002இல் ஹெய்ன்ஸும் இணை ஆய்வாளர்களும் ஆதிக்கத் தொடைக் கருத்தையே மின்துறைக்குக் கொண்டுசென்றனர். சதுரங்க ராணியில் தொடங்கிய கணக்கு, நுரைச்சோலைப் புகைபோக்கியின் நிழலில் வாழ்பவரின் வீட்டு மின்விளக்குவரை வந்துவிட்டது.

புத்தளம் மாவட்டத்தில் தமிழ்மொழியில் உயர்தரக் கணிதப் பிரிவு கற்பிக்க ஆசிரியர்கள் போதவில்லை என்பது பல்லாண்டு முறைப்பாடு. அந்தச் சூழலிலிருந்து வரும் மாணவருக்குக் கோட்டுருவியல் ஓரளவு கைக்கெட்டும் துறை. ஆய்வுகூடம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். புதிய ஆய்வுக்கட்டுரைகள் பல இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கடினம் குறைந்த துறை என்று எண்ணிவிட வேண்டாம். நுழைவாயில் தாழ்வாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை பட்டியல் செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த ஆய்வாளர் எந்தக் கேள்விக்கு விடை தேடினார்? அந்த விடையை அவரது குழுவுக்கு வெளியே யார் எடுத்துப் பயன்படுத்தினார்கள்? அவரிடம் படித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? சம்பத்குமாருக்கும் ஆறுமுகத்துக்கும் இந்த மூன்றுக்கும் விடை உண்டு. மேற்கோள் எண் இரண்டாவது கேள்விக்கு மட்டும், அதுவும் பிந்தி, பாதி விடை தருகிறது.

ஆசிரியர்கள் ஒரு பயிற்சியாக இதைச் செய்து பார்க்கலாம். மாணவர்கள் தமது கிராமத்தின் வீதிகளைக் கோட்டுருவாக வரையட்டும். எந்த வீதி வெள்ளத்தில் மூழ்கினால் யார் துண்டிக்கப்படுவார்கள், இடைத்தங்கல் முகாம்களை எங்கே அமைத்தால் எல்லோருக்கும் எட்டும் என்று குறிக்கட்டும். அடுத்த மாரிக்கு முன்பு அந்தத் தாளை கிராம அலுவலரிடமும் ஒரு பிரதி கொடுக்கலாம்.